ஆலிஸ் அத்தையின் பெரிய தட்டு

பேராக் மாநிலத்தில் ஆலிஸ் அத்தை அளவுக்குப் பழமும் காயும் தின்றவர் இன்னும் பிறக்கவில்லை. கிரிக் காட்டு யானைகள் ஒரு நாள் ஈப்போவில் அவர் இருக்கும் புந்தோங்குக்கு வந்து அவர் சாப்பிடுவதைப் பார்த்தால், தும்பிக்கையைச் சுருட்டிக்கொண்டு வெட்கத்தோடு திரும்பிப் போய்விடும். வாழைப்பழம், சக்கரவள்ளி, சேப்பங்கிழங்கு, பலா என்று காலையில் ஆரம்பித்தால் சாயங்காலம் வரை வாய் ஓயாது. என்ன, எல்லாமே மாவில் முக்கி எண்ணெயில் பொரித்தது.

சாலையோரத்தில் பீசாங் கோரெங் என்கிற பொரித்த வாழைப்பழக் கடை வைத்திருப்பவர் வேறெதைத் தின்பார்? ஒவ்வொரு ஈடு எடுக்கும்போதும் வெந்ததா என்று பார்க்க ஒன்று. உப்புப் பார்க்க ஒன்று. முதலில் பார்த்தது சரிதானா என்று பார்க்க இன்னொன்று. பச்சையாக இருக்கும் எதுவும் ஆகாது. சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர்த் தோட்டத்து லயத்தில் மரவள்ளிக் கொழுந்தைத் தின்று தின்று வளர்ந்தவர், ஈப்போவுக்குக் கட்டிக்கொடுத்த அன்றே இலை தழையை ஆடுகளுக்கு எழுதி வைத்துவிட்டாராம்.

முட்டிதான் முதலில் முரண்டு பிடித்தது. மாதா கோயிலில் அத்தையின் பாடகர் குழு நிற்பது மாடியில். அத்தையால் படி ஏற முடியாமல் போனது. கீழே கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தே பாடினார். மாடியில் ஒரு பாட்டு, அரை மூச்சு பின்தங்கிக் கீழே அதே பாட்டு. அத்தைக்குக் குரல் பெரிது, அதனால் கடைசியில் மாடிதான் இறங்கி வந்து அவரோடு சேர்ந்துகொள்ளும். அண்ணன் மகள் ஆட்ரி இதை நடித்துக் காட்டித் தெருவையே சிரிக்க வைப்பாள். அத்தை சிரிப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் அவர் பேசுவதும் இல்லை. அதை ஆட்ரி யாருக்கும் நடித்துக் காட்டியதில்லை.

ஆட்ரிக்குப் பதினேழு வயது. மூன்றாம் படிவத்தோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு, அத்தை வீட்டில் தங்கிக் கடைக்கு மாவு கரைப்பவள். வம்பு பேசுகிறவர்களின் பொட்டலத்தில் மிளகாய் வைத்துப் பொரித்த பழம் ஒன்று தவறாமல் இருக்கும்.

முட்டியை மாற்றலாம் என்றார் டாக்டர். ஆனால் எடை முதலில் தொண்ணூற்றைந்து கிலோவுக்குக் கீழே வர வேண்டும். ஆஸ்பத்திரியில் சாப்பாட்டுக்கு யோசனை சொல்லும் மிஸ்ஸி ஒரு தட்டு வரைந்து காட்டினாள்: பாதி காயும் பழமும், கால் சோறு, கால் மீன். அத்தை பவ்யமாகத் தலையாட்டினார். வீட்டுக்கு வரும் வழியில் புதுத் தட்டு ஒன்று வாங்கினார், நிச்சயதார்த்தத் தாம்பாளம் அளவுக்கு. வழக்கமான சோற்று மலை ஒரு பருக்கை குறையாமல் ஒரு பாதியில். மறு பாதியில் கங்கோங் கீரை, வெள்ளரி, பப்பாளி.

“மிஸ்ஸி பாதித் தட்டு காய்னுதானே சொன்னா. பாதி இருக்கா இல்லையா, நீயே பாரு லா” என்றார்.

மாதம் முடிந்தபோது இரண்டு கிலோ ஏறியிருந்தது. காய் தின்றால் உடம்பு ஊதுகிறது என்று கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் எச்சரிக்கை செய்தார். காய் சும்மா வந்து உட்கார்ந்தால் போதாது, சோறும் பொரித்ததும் எழுந்து அதற்கு இடம் விட வேண்டும் என்று ஆட்ரி சொல்லிப் பார்த்தாள். மூன்றாம் படிவம் தாண்டாதவள் டாக்டருக்குப் பாடம் எடுக்க வேண்டாம் என்று பதில் வந்தது.

அன்று அத்தை குளிக்கப் போன நேரத்தில், வீட்டு எடை மிஷினின் அடியில் இருக்கும் சின்னச் சக்கரத்தை ஆட்ரி திருகினாள். முள் மூன்று கிலோ முன்னால் போய் நின்றது.

மறுநாள் காலை அத்தை மிஷினில் ஏறினார், இறங்கினார், செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடி ஏறினார். அதோடு உப்புப் பார்க்கும் வேலை ஆட்ரிக்கு மாறியது. பெரிய தட்டு பரண் ஏறியது. சின்னத் தட்டில் காய் முதலில் இடம் பிடித்தது, மிச்சத்தில் சோறு ஒண்டிக்கொண்டது. வெள்ளரியை மிளகாய்ச் சம்பாலில் தொட்டுக் கடித்துக்கொண்டே எண்ணெய்ச் சட்டியை முறைப்பார். சில மாதங்களில் சட்டை தொளதொளத்தது, நடந்தால் மூச்சு வாங்குவது குறைந்தது. ஆனால் டாக்டரைப் பார்க்க வேண்டிய நாள் விடிந்தபோது முள் தொண்ணூற்றேழில் நின்றது.

அத்தை கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். “போதும்லா பாப்பா. ஆடு மாதிரி மேஞ்சாச்சு. நான் கீழ உக்காந்தே பாடிக்கிறேன். நீ போயி அடுப்ப மூட்டு.”

இப்படி ஆகும் என்று ஆட்ரி நினைக்கவே இல்லை. அத்தை முள்ளைப் பார்த்துவிட்ட பிறகு சக்கரத்தைப் பின்னால் திருகவும் முடியாது, உண்மையைச் சொல்லவும் வாய் வரவில்லை. வண்டிக்குச் சொல்லியாகிவிட்டது, வராவிட்டால் மிஸ்ஸி திட்டுவாள் என்று இல்லாததையெல்லாம் அடுக்கி, இழுக்காத குறையாக அழைத்துப் போனாள்.

ஆஸ்பத்திரி மிஷின் தொண்ணூற்று நான்கு என்றது. அத்தை மிஷினைப் பார்த்தார், மிஸ்ஸியைப் பார்த்தார், பிறகு ஆட்ரியை நிதானமாகப் பார்த்தார். டாக்டர், ரத்தத்தில் சர்க்கரையும் இறங்கியிருக்கிறது என்று சொல்லி ஆப்பரேஷனுக்குத் தேதி கொடுத்தார். ஆட்ரி கழிவறைக்குப் போவதாகச் சொல்லி நழுவினாள்.

வீட்டுக்கு வந்ததும் அத்தை நேராகச் சமையலறைக்குப் போனார். பிரிக்காத மாவு மூட்டையைத் தரதரவென்று இழுத்து வந்து எடை மிஷின் மேல் ஏற்றினார்.

“இங்க வா. மூட்டையில பத்து கிலோன்னு போட்டிருக்கு. இது பதிமூணு காட்டுது. மாவுக்கும் கங்கோங் குடுக்கணுமா?”

மிஷின் பழசு, போன மழையில் ஈரம் ஏறியிருக்கும் என்றாள் ஆட்ரி.

“சரி, பழசு. ஒத்துக்கிறேன்.” அத்தை மூட்டையின் மேலேயே கையை ஊன்றி நின்றார். “அப்ப மருந்துக் கவுண்டர் தூணுக்குப் பின்னால நின்னு மூக்க உறிஞ்சி உறிஞ்சி அழுதவ யாரு? அதுவும் மிஷினா?”

பொய்க்கு ஆட்ரியிடம் என்றைக்கும் பஞ்சம் இருந்ததில்லை. ஆனால் இந்த முறை குனிந்து மிஷினின் அடியில் கையை விட்டாள். முள் பத்தில் வந்து நிற்கும் வரை சக்கரத்தைப் பின்னால் திருகினாள்.