கடல் சிவந்த ஆடி அமாவாசை

திருவிதாங்கூரும் கொச்சியும் ஒரே மாநிலமாயிருந்த திரு-கொச்சி காலம். நான் கல்லூரியில் விலங்கியல் படித்துக்கொண்டிருந்தேன். அண்ணன் இறந்துபோனபிறகு வந்த முதல் ஆடி அமாவாசைக்கு அவனுக்குப் பலிச்சோறு இட, அம்மாவோடு சங்குமுகம் கடற்கரைக்குப் போனேன். ஆரியசாலை வீட்டிலிருந்து புறப்படும்போதே என் பையில் ஒரு காலி மருந்துக் குப்பி இருந்தது. கடல் சிவந்து கிடக்கிறதென்று கேள்விப்பட்டிருந்தேன். துக்கத்தைவிட அந்த ஆவல்தான் என்னை இழுத்துக்கொண்டு போனதோ என்று இப்போது படுகிறது.

செம்மண் கரைத்த மாதிரி இருந்தது தண்ணீர். கரை நெடுக செத்த மீன். காற்று தொண்டையைக் கரகரக்க வைத்தது. வள்ளங்களை மேலே இழுத்துக் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள். தப்பித் தவறிக் கிடைத்த நல்ல மீனையும் சந்தையில் யாரும் தொடுவதில்லையாம்.

முங்கி எழுந்து, பலிச்சோற்றை இலையோடு அலையில் விட்டேன். அலை அதைத் திருப்பிக் கொண்டுவந்து செத்த மீன்களுக்கு நடுவே போட்டது. எடுத்து மறுபடி விட்டேன். மறுபடியும் வந்தது.

"அவன் எடுக்கல்லியே மக்கா" என்றாள் அம்மா.

எனக்குத்தான் எல்லாம் தெரியுமே! இது கண்ணுக்குத் தெரியாத ஒரு பாசி, மழைக்காலத்தில் பெருகும், மீனுக்கு மூச்சு முட்டும், இதற்கும் அண்ணனுக்கும் சம்பந்தமில்லை என்று மளமளவென்று சொன்னேன். குப்பியில் தண்ணீர் மொண்டு வெயிலில் தூக்கிக் காட்டினேன். அம்மா பார்க்கவில்லை. சற்றுத் தள்ளி, செத்த மீனைக் கூடையில் பொறுக்கிக்கொண்டிருந்த மீனவக் கரைக்காரி ஒருத்தியையும், அவள் முண்டின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற இரண்டு பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் ஓடினேன். அது விஷம், தின்னக்கூடாது என்று பள்ளிக்கூட மலையாளத்தில் விளக்கினேன். அவள் என் நெற்றித் திருநீற்றைப் பார்த்துச் சிரித்தாள்.

"மீன் திங்காத்த பிள்ளையாணோ எனக்கு மீன் சொல்லித் தரணது?"

அதற்குள் அம்மா வந்துவிட்டாள். பலிக்குப் போக மீந்த பச்சரிசி முடிச்சை நீட்டி, இதைக் கஞ்சி வைத்துக் கொடு, அந்த மீனைக் கொட்டிவிடு என்றாள். கடல் வாங்காததை அந்தப் பிள்ளைகளாவது உண்ணட்டும் என்று நினைத்திருப்பாள். வாங்கக் கரைக்காரியின் கை நீண்டது. பாதியில் நின்றது.

"இது மரிச்சவருக்குள்ள அரி அல்லே அம்மச்சி? என் பிள்ளைகள் ஜீவிச்சிருக்கு."

கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் அந்தத் தண்ணீரை மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். வாத்தியார் முதுகில் தட்டினார். வீட்டுக்கு ஓடிவந்து மூச்சுவிடாமல் சொன்னேன். அம்மா முழுக்கக் கேட்டாள்.

"அந்தப் பிள்ளைகள் அந்த மீனைத் தின்னுச்சோ என்னவோ?"

பஸ் ஏறிப் போய்ப் பார்த்திருக்கலாம். பரீட்சை, அது இது என்று தள்ளிப் போட்டேன். கடைசியில் போனபோது கடல் தெளிந்திருந்தது, வள்ளங்கள் இறங்கியிருந்தன. எந்தக் குடிசை என்று விசாரிக்க, எனக்கு அவள் பெயர்கூடத் தெரியாது.