மீதி மாத்திரை

மடுல்சீமையில் எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு நாடகம் பழக்கச் சிலர் பதுளையிலிருந்து வந்திருந்தார்கள். "வீட்டுல மிச்சமிருக்கிற மாத்திரையக் கொண்டாரச் சொன்னாங்கம்மா" என்றாள் ஏழாம் ஆண்டு படிக்கும் என் மகள். எனக்குச் சந்தேகம் தட்டியது. தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்து வீடுகளைத் துழாவி யாரிடம் போட்டுக் கொடுக்கப் போகிறார்களோ? பறித்த கொழுந்தை எடை போட்டதும் நேரே பள்ளிக்கூடம் போனேன்.

மகள் கிருமி வேஷத்தில் நின்றாள். அம்மாவாக நடித்த பிள்ளை, காய்ச்சல் விட்டதும் அன்டிபயோட்டிக்கைப் பாதியில் நிறுத்தி, மீதியை எடுத்து வைத்தாள். "நான் சாகலையே! இனி இந்த மருந்து என்னைய ஒண்ணும் செய்யாது!" என்று மகள் குதித்தாள்.

என்னைத்தான் கேலி செய்கிறாள் என்று கோபம் வந்தது. நானும் அப்படித்தான் செய்திருந்தேன். மகனுக்குக் கொடுத்து மிஞ்சிய மாத்திரையைக் காலையில்தான் பக்கத்து வீட்டுச் செல்வியிடம், காய்ச்சலாய்க் கிடந்த அவள் குழந்தைக்கென்று கொடுத்திருந்தேன்.

ஓடினேன். "செல்வி, அந்த மாத்திரையப் புள்ளைக்குக் குடுக்காத! எங்கிட்டயே திருப்பிக் குடுத்துரு!"

அவள் ஏற இறங்கப் பார்த்தாள். "குடுத்தத ஏங்க்கா திருப்பிக் கேக்குறீங்க? ஒங்க புள்ளைக்கு வேணுமா?"

"தப்புப் பண்ணிட்டேன். வா, ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

அவள் நம்பவில்லை, ஆனாலும் வந்தாள். குழந்தைக்கு அந்த மாத்திரையே தேவையில்லை என்றார் டாக்டர்.

கொடுத்தபோது கும்பிட்டவள், திருப்பி வாங்கியபோது சந்தேகப்பட்டாள். அவளுக்கு உண்மையிலேயே நான் நல்லது செய்தது இரண்டாவது தடவைதான்.