முதலாளி பெயரில் எழுதிய நூரி அக்கா

வேலைக்குக் கிளம்பி, ஈப்போ சாலை நெரிசலில் நின்றுகொண்டிருந்தபோது நூரி அக்காவின் தம்பி அழைத்தார். "தேவி, லாத்தா மவுத்தாயிட்டாங்க. அஸர் தொழுகைக்கு அப்புறம் அடக்கம்." அக்காவை அவர் லாத்தா என்றுதான் கூப்பிடுவார். பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்தன. எனக்கு எந்தப் பக்கம் திரும்புவதென்று தெரியவில்லை. முந்தைய நாள்கூட, நோய்ப்படுக்கையில் இருந்தபடி நான் அனுப்பிய கட்டுரையைத் திருத்தி நூரி அக்கா குரல்பதிவு அனுப்பியிருந்தார். "மகிழ்ச்சி அடைகிறோம்னு போட்டிருக்க. யாரு மகிழ்ந்தா? எடுத்துரு லா."

எங்கள் கையுறைத் தொழிற்சாலையில் வேலை பார்த்த உங்களில் பலருக்கு அவரைக் கணினி முன்னால் உட்கார்ந்திருப்பவராகத்தான் தெரியும். நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் முதலாளி பெயரில் வரும் கட்டுரைகளை எழுதியது அவர். நான் அவருக்குப் பக்கத்து மேசை. முதலாளிக்கு எப்போதும் நேரமிருக்காது. மற்ற நிறுவனங்களில் இப்படிப்பட்ட கட்டுரைகளை யாரோ எழுதி, யாரோ ஒப்புதல் கொடுத்துவிடுவார்கள். நூரி அக்கா அதற்கு ஒத்துக்கொள்ளவே மாட்டார். "நேரமில்லாதவங்ககிட்ட நேரத்தக் கேக்காத. எங்க போறாங்கன்னு கேளு" என்பார். ஒருமுறை தெலுக் இந்தானுக்குப் புறப்பட்ட முதலாளியின் காரில் கேட்காமலே ஏறிக்கொண்டார். போகிற வழியெல்லாம் அவரைப் பேசவைத்துக் கைப்பேசியில் பதிந்துகொண்டு, பஸ் பிடித்து ஈப்போ திரும்பினார். அந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு, "இது நான் பேசுற மாதிரியே இருக்கே" என்றார் முதலாளி. "நீங்க பேசினதுதான்" என்றார் அக்கா.

போன வருடம் ஆர்டர்கள் குறைந்து, ஒரு பிரிவையே மூடுவதென்று முடிவானது. அதில் வேலை செய்தவர்கள் பெரும்பாலும் சுற்றியிருந்த பழைய ரப்பர் தோட்டங்களிலிருந்து வந்த பெண்கள். மாலைக்குள் முதலாளி பெயரில் ஓர் அறிவிப்பு வரவேண்டும். மேலாளர் கணினியின் செயற்கை நுண்ணறிவிடம் கேட்டு வாங்கிய ஒன்றைக் கொண்டுவந்தார். 'நாம் ஒரே குடும்பம்' என்று அது தொடங்கியது. அக்கா அன்றுதான் ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்திருந்தார். ஊசி போட்ட இடத்தில் பஞ்சு ஒட்டியபடி இருந்தது. அதைப் படித்துவிட்டு என் கையைப் பிடித்தார். "வா, கார் கிட்டப் போலாம்."

மழை கொட்டியது. முதலாளி குடையோடு வந்தார். எங்களைப் பார்த்ததும் முகம் சுருங்கியது. "நீங்களே எழுதிடுங்கம்மா, எப்பவும் போல."

"எப்பவும் நீங்க சொன்னதத்தான் எழுதினேன், முதலாளி. இத நீங்க இன்னும் சொல்லல."

காருக்குள் உட்காரச் சொன்னார். நான் பின்னால் இருந்தேன். அக்கா ஒரே கேள்விதான் கேட்டார்: "இத உங்க வீட்டுல எப்படிச் சொன்னீங்க?" முதலாளி மடக்கிய குடையை இன்னொருமுறை மடக்கினார். எனக்கு இறங்கி ஓடிவிடலாம் போலிருந்தது.

கடைசியில் முதலாளி சொன்னார். "எங்கப்பா ரப்பர் தோட்டத்துல பால்மரம் வெட்டினவரு. தோட்டத்த வித்தப்ப எங்ககிட்ட யாரும் வந்து சொல்லல. ஆபீஸ் கதவுல நோட்டீஸ் ஒட்டினாங்க. இன்னைக்கு நானும் நோட்டீஸ்தான் ஒட்டப் போறேன்." சொல்லிவிட்டு ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டார்.

அக்கா அதை அப்படியே எழுதினார். முதலாளியும் போடச் சொன்னார். மறுநாள் காலை பங்குதாரர்கள் அதை இணையப் பக்கத்திலிருந்து எடுக்கவைத்தார்கள். பிரிவும் மூடப்பட்டது. கடைசி நாளன்று பொன்னி என்ற தொழிலாளி எங்கள் அறை வாசலில் வந்து நின்றார். "படிச்சேன்க்கா. அழுதுட்டேன். ஆனா வேல போச்சே." நூரி அக்கா எழுந்து அவரைக் கட்டிக்கொண்டார். பொன்னி போனபிறகு, "உண்மைய எழுதினா என்னமோ நடக்கும்னு இருந்தேன், தேவி. ஒண்ணும் நடக்கல" என்றார். அதற்குப்பின் அவர் அலுவலகம் வந்த நாட்கள் குறைவு. நான் எழுதி அனுப்பியதை வீட்டிலிருந்தபடியே திருத்தினார். ஒவ்வொரு வரிக்கும் ஒரு கேள்விதான்: "இத அவரு சொன்னாரா?"

அடக்கம் முடிந்த மறுநாள் மேலாளர் என்னிடம் வந்தார். "முதலாளி பேருல ஒரு இரங்கல் போடணும் லா. அவரு மீட்டிங்குல இருக்காரு. நீங்களே உருக்கமா ஒண்ணு எழுதிடுங்க."

மீட்டிங் அறை வாசலில் போய் நின்றேன். முதலாளி வெளியே வந்ததும், "நூரி அக்காவப் பத்தி ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றேன். "ரொம்ப நல்லவங்க" என்றார். அது போதாதென்று அவருக்கே தெரிந்தது. "நான் அவங்க வீட்டுக்குப் போய்ச் சொல்றேன்" என்றபடி லிஃப்டுக்குள் போய்விட்டார்.

நேற்று அக்காவின் தம்பியிடம் கேட்டேன். முதலாளி இன்னும் வரவில்லையாம்.

அந்த இரங்கலை நான் எழுதவில்லை. மேலாளர் இரண்டு முறை நினைவூட்டினார். முடியாது என்று சொல்லிவிட்டேன். அவர் வேறு யாரையாவது வைத்து எழுதிக்கொள்ளலாம், கணினியிடமே கேட்டு வாங்கலாம். நான் தடுத்து எதுவும் நின்றுவிடப் போவதில்லை. ஆனாலும் நூரி அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்த 'முடியாது' ஒன்றுதான். இதை வைத்துக்கொண்டு நாளை எப்படி வேலைக்குப் போவதென்றுதான் தெரியவில்லை.