வைக்கட்டே என்று கேட்ட குரல்

சனிக்கிழமை மத்தியானம். மார்க்கம் வீதியில் ஒரு கடைத்தொகுதியின் முன்னால் வானை நிறுத்திவிட்டு மரக்கறி ரோல்ஸ் ஒன்றைக் கடித்துக்கொண்டிருந்தேன். கைபேசியில் சிவம் அண்ணையின் பெயர் வந்தது. அவர், கடும் நோயில் இருந்த புவனா அக்காவின் கணவர். என்னை ஒருநாளும் தானாக அழைக்காதவர். பெயரைக் கண்டதுமே எனக்கு விளங்கிவிட்டது.

"பிள்ளை வதனி, புவனா எங்களை விட்டுட்டுப் போட்டா. காலமைதான். நோவில்லாமல் போட்டா."

அவரே மண்டபம் எது, எத்தனை மணிக்குக் கிரியை என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். எல்லாம் சொல்லி முடித்தபின் கேட்டார்: "அப்ப வைக்கட்டே பிள்ளை?"

மனைவி இறந்த அன்றும் அந்த மனிதர் கேட்டுவிட்டுத்தான் தொலைபேசியை வைத்தார். அந்த வீட்டுப் பழக்கம் அது. "ஓம் அண்ணை, வையுங்கோ" என்றேன். பக்கத்து ஆசனத்தில் இருந்த, என்னோடு வேலை செய்யும் மார்க்கஸுக்குத் தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. ஆனாலும் ரோல்ஸை என் கையிலிருந்து வாங்கிப் பைக்குள் வைத்துவிட்டு, வானின் சாவியையும் எடுத்துக்கொண்டார். மீதி நாள் முழுவதும் அவர்தான் ஓட்டினார்.

புவனா அக்காவைத் தெரிந்தவர்கள் இந்த நகரத்தில் நிறையப் பேர். அஜக்ஸில் அவருடைய வீட்டுக்குப் போய் இடியப்பம் சாப்பிடாமல் திரும்பியவர் குறைவு. ஆனால் அவர் என்ன வேலை செய்தார் என்று கேட்டால், "911இல போன் எடுக்கிறவ" என்பதோடு உங்களில் பலர் நிறுத்திவிடுவீர்கள். அதற்குமேல் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

முதலில் எங்கள் வேலையைச் சொல்லிவிடுகிறேன். மார்க்கஸ் ஒரு தாதி, நான் ஓர் ஆலோசகர். இருவரும் சாதாரண உடுப்பில், சைரன் இல்லாத வானில் போவோம். யாராவது ஒருவருக்கு மனம் குழம்பி, தன்னைச் சுற்றி உள்ளதெல்லாம் பிடிபடாமல் போகிற நேரத்தில், வீட்டார் 911 என்ற அவசர எண்ணை அழைப்பார்கள். ஆபத்தில்லை என்றால் பொலிசாருக்குப் பதிலாக எங்களை அனுப்பலாம். கேட்க நல்லாயிருக்கிறது, இல்லையா? ஆனால் அழைப்பு போய்ச் சேர்வது அவசர அழைப்பு நிலையத்துக்கு. நாங்கள் இருப்பது தெருவில். அந்த அழைப்பு அங்கிருந்து எங்கள் கைக்கு வந்து சேரவேண்டும். தொடக்கத்தில் ஒரு பொத்தானை அமத்தி எங்கள் பக்கம் தள்ளிவிட்டு அடுத்த அழைப்பை எடுப்பார்கள். நாங்கள் எடுக்கும்வரை அழைத்தவரின் காதில் இசை ஓடும். அந்த இசையைக் கேட்டுக்கொண்டே எத்தனை பேர் வைத்துவிட்டுப் போனார்கள் என்று யாருக்கும் தெரியாது. புவனா அக்காவுக்கு இதைக் கேட்டாலே பத்திக்கொண்டு வரும். "சனம் உயிரைக் கையில பிடிச்சுக்கொண்டு நிக்குது, உவங்கள் பாட்டுப் போடுறாங்கள்" என்பார்.

அவர் அடக்கமானவர், அதிர்ந்து பேசமாட்டார் என்று யாராவது எழுதினால் தயவுசெய்து நம்பாதீர்கள். அவர் வேலை செய்த தளத்தின் அடுத்த மூலைக்கும் அவருடைய சிரிப்புக் கேட்கும். கடும் மஞ்சள், கிளிப்பச்சை என்று கண்ணைக் குத்துகிற நிறங்களில் சுவெற்றர் போடுவார். தன் வேலையில் தான் கெட்டிக்காரி என்பது அவருக்கு நல்லாத் தெரியும், அதை மறைக்கவும் மாட்டார். நான் குழுவில் சேர்ந்த புதிதில் அவரோடு தொலைபேசியில் கதைத்த முதல் நாளே எனக்குப் பேச்சு விழுந்தது. "இஞ்ச பார் வதனி, நீ கதைக்கிறது ரெயிலைப் பிடிக்க ஓடுறமாதிரிக் கிடக்கு. பயந்து நிக்கிற ஆளுக்கு உன்ர வேகம் ஏன்? மூச்சு விட்டுக் கதை." எனக்குக் கோபம் வந்தது. நான் படித்துவிட்டு வந்தவள் அல்லவா! ஆனால் அன்றிலிருந்து மூச்சு விட்டுத்தான் கதைக்கிறேன்.

இப்போது மல்வேர்ன் பகுதியிலிருந்து வந்த ஓர் அழைப்பைச் சொல்கிறேன். அந்தக் குடும்பத்தின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன், பெயர் சொல்லமாட்டேன்.

நம்முடைய சனத்துக்கு ஒரு பழக்கம் இருக்கிறது. வீட்டில் பிள்ளைக்கு மனம் சரியில்லை என்று வெளியே சொல்லமாட்டோம். சொன்னால் பொலிஸ் வரும், பொலிஸ் வந்தால் அக்கம்பக்கம் எட்டிப் பார்க்கும், பிறகு கலியாணம் காட்சி என்று எல்லாவற்றிலும் அந்தக் கதை வந்து நிற்கும். ஆகவே 911ஐ அழைத்து "நெஞ்சு நோ" என்பார்கள். நெஞ்சு நோவுக்கு யாரும் வெட்கப்படத் தேவையில்லை, அம்புலன்ஸ்தான் வரும் என்று கணக்கு. வருவது என்னவோ சைரன், தீயணைப்பு வண்டி, பூட்ஸ் போட்ட ஆறேழு பேர். ஏற்கெனவே பயந்துபோயிருக்கிற பிள்ளை இதைக் கண்டால் என்னாவது?

அந்தத் தாயும் அப்படித்தான் அழைத்தார். அரைகுறை ஆங்கிலத்தில் மகனுக்கு நெஞ்சு நோ என்றார். புவனா அக்கா அந்தக் குரலில் தமிழைப் பிடித்துக்கொண்டார்.

"அம்மா, தமிழிலையே கதையுங்கோ. மகன் இப்ப என்ன செய்யிறார்?"

"அறைக்குள்ள நிண்டு கதிரையெல்லாத்தையும் கதவுக்கு அடுக்கிறான் பிள்ளை."

"நெஞ்சு நோகிற ஆள் கதிரை தூக்கமாட்டார் அம்மா. உண்மையைச் சொல்லுங்கோ. நான் கோவிக்கமாட்டன்."

அதற்குப் பிறகுதான் அந்த அம்மா உடைந்தார். மகனுக்கு நாள்கணக்காக நித்திரை இல்லை. தன்னைப் பிடித்துக்கொண்டு போக யாரோ வருகிறார்கள் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். "பொலிஸை மட்டும் அனுப்பாதை பிள்ளை. கண்டால் அவன் யன்னலாலை பாய்ஞ்சிடுவன் எண்டு சொல்லுறான்." அது பத்தாவது மாடி.

பல்லைக் கடித்துக்கொண்டு கேட்கவேண்டிய கேள்விகள் அந்த நேரத்தில்தான் இருக்கின்றன. கையில் ஏதாவது இருக்கிறதா, யன்னல் திறந்து கிடக்கிறதா, யாரையாவது அடிக்க வந்தாரா? ஒவ்வொன்றாகக் கேட்டார். கையில் ஒன்றுமில்லை. யன்னல் பூட்டித்தான் கிடக்கிறது, அறைக்குள் தாயின் குரல் கேட்கிறது, பதிலும் வருகிறது. எங்களிடம் தரலாம் என்று தீர்மானித்தார். வான் ஓடிக்கொண்டிருக்கும்போதே தாய், அக்கா, நான் மூவரும் ஒரே இணைப்பில் இருந்தோம்.

"அம்மா, இப்ப வதனி எண்டு ஒரு பிள்ளை கதைப்பா. நான் எங்கையும் போகேல்லை. அவவின்ர குரலைக் கேளுங்கோ" என்றார். நான் பேசினேன். தாய் என் பெயரைத் திருப்பிச் சொன்னார். வழக்கப்படி அதோடு அக்காவுடைய வேலை முடிந்துவிட்டது. அவர் கேட்டார்:

"அப்ப நான் வைக்கட்டே அம்மா?"

"வைக்காதை பிள்ளை!"

"சரி, வைக்கேல்லை."

அவர் வைக்கவில்லை. நாங்கள் லிப்டில் ஏறியபோதும் இருந்தார். மார்க்கஸ் அந்த அறைக் கதவுக்கு வெளியே தரையில் சம்மணம் கட்டி உட்கார்ந்து, தன் முழங்கால் நோவைப் பற்றிக் கதவோடு கதைத்துக்கொண்டிருந்தபோதும் இருந்தார். உள்ளேயிருந்து நெடுநேரம் சத்தமே இல்லை. யன்னல் பக்கம் ஏதாவது சத்தம் கேட்கிறதா என்று காதைக் கூர்மையாக்கிக்கொண்டு நின்றேன். பிறகு, "நீங்கள் பொலிஸ் இல்லையெண்டு எப்பிடி நம்புறது?" என்று கேள்வி வந்தது. தாய் சொன்னார்: "ராசா, போனில ஒரு அக்கா நிக்கிறா. துவக்கத்திலயிருந்து நிக்கிறா. அவ அனுப்பின ஆக்கள்." கொஞ்சம் கழித்து முதல் கதிரை இழுபடுகிற சத்தம் கேட்டது. அதற்குப்பின் ஒவ்வொன்றாக.

மகன் தானாகவே செருப்பைப் போட்டுக்கொண்டு எங்களோடு வந்தார். நான் தாயின் தொலைபேசியை வாங்கி, "எடுத்திட்டம் அக்கா" என்றேன். ஆளை எங்கள் பொறுப்பில் எடுத்துவிட்டோம் என்று சொல்ல நாங்கள் பாவிக்கும் சொல் அது. அக்கா அதற்கும் வைக்கவில்லை. "அம்மாட்டைக் குடு" என்றார். தாய் வாங்கி, கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "இப்ப வை பிள்ளை."

இதற்குப் பாராட்டு விழா வைத்தார்கள் என்று நினைக்கிறீர்களா? விளக்கம் கேட்டார்கள். ஒரே அழைப்பில் அவ்வளவு நேரம் ஒருவர் இருந்தால், வரிசையில் நிற்கும் மற்றவர்களை யார் எடுப்பது? விளக்கம் கேட்ட அதிகாரி பொல்லாத மனிதர் அல்லர். அவர் கேட்டதும் நியாயமான கேள்விதான், உண்மையான நெஞ்சு நோக்காரரும் அந்த வரிசையில் நிற்கக்கூடும். எங்கள் குழுவோ அப்போது பரீட்சார்த்தமாக ஓடிக்கொண்டிருந்தது. இந்தக் கைமாற்றல் சரிவராது என்று முடிவெடுத்தால் குழுவுக்கும் மூடுவிழா என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். நான் கூட்டத்தில் கைகளை மேசைக்குக் கீழே பிசைந்துகொண்டிருந்தேன். அக்கா கிளிப்பச்சைச் சுவெற்றரில் வந்திருந்தார்.

அவர் வாதாடவில்லை. அந்த அழைப்பின் ஒலிப்பதிவை முழுக்கப் போட்டுக் காட்டச் சொன்னார். தமிழ்ப் பகுதிகளைத் தானே நிறுத்தி நிறுத்தி ஆங்கிலத்தில் சொன்னார். கதிரை இழுபடுகிற சத்தம் வந்தபோது யாரும் அசையவில்லை. முடிந்ததும் அதிகாரி, "இந்த நடைமுறைக்கு என்ன பெயர்?" என்று கேட்டார். "எங்கட வீட்டில உதுக்குப் பேரில்லை. ஒருத்தரோட கதைச்சிட்டு கேக்காமல் வைச்சால் அம்மாட்டை அடி விழும், அவ்வளவுதான்" என்று அதையும் ஆங்கிலத்தில் சொன்னார். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பு ஓயமுன்னர் தன் கோரிக்கையை வைத்தார். வரிசையில் சேராத ஒரு தனிக் கதிரை வேண்டும். அதில் இருப்பவருக்கு இந்த அழைப்புகளை எங்களிடம் சேர்ப்பிப்பது மட்டும்தான் வேலை. அழைத்தவர் சரி என்று சொல்லும்வரை அவர் இணைப்பை விட்டுப் போகக்கூடாது. "எனக்குக் கதிரை ஒண்டு தாங்கோ, வரிசையை நான் தொடமாட்டன்."

கதிரை கிடைத்தது. நாங்களும் பிழைத்தோம். அக்கா அடுத்த நாளே அதற்கு மஞ்சள் நிறத்தில் ஒரு குஷன் வாங்கிக்கொண்டு வந்தார்.

எல்லா அழைப்பும் மல்வேர்ன் மாதிரி முடிந்தது என்று சொன்னால் அது பொய். கையில் கத்தியோடு ஒருவர் நின்ற நாளில் அக்கா ஒரு கணமும் தயங்காமல் பொலிசாரை அனுப்பினார். அன்று அந்த வீட்டுக்காரர் வைக்கச் சொல்லவும் இல்லை, அக்கா வைக்கவும் இல்லை. அடுத்த நாள் சாப்பாட்டு நேரத்தில் வாய் திறக்காமல் இருந்தார். இதையும் சேர்த்துத்தான் அவருடைய வேலை.

அவரைப் பார்த்து மற்றவர்களும் கேட்கத் தொடங்கினார்கள். பஞ்சாபியில், சோமாலியில், தகலொக்கில், அவரவர் பாணியில் "நான் இப்போது போகலாமா?" என்று. எங்கள் மொழியில் எல்லா வீட்டிலும் கேட்கிற ஒரு சாதாரண கேள்வி, இந்தப் பெரிய நகரத்தின் அவசர அழைப்பு அறைக்குள் நடைமுறையாகிவிட்டது. எனக்கு இதில் எவ்வளவு பெருமை என்று சொல்லத் தெரியவில்லை. சிவம் அண்ணைக்கு மட்டும் ஒரு முறைப்பாடு இருந்தது. டோர்செட் பார்க்கில் இருக்கும் தன் தங்கச்சியோடு அக்கா கதைக்கத் தொடங்கினால், "வைக்கட்டே" என்று அக்கா கேட்க, "நீங்கள் வையுங்கோ" என்று தங்கச்சி சொல்ல, அதற்குள் இன்னொரு கதை வந்து, சோறு ஆறிப்போகுமாம்.

போன மாதம் ஆஸ்பத்திரியிலிருந்து என்னை அழைத்தார். குரல் பாதிதான் இருந்தது.

"என்ர கதிரையில இப்ப ஆர்?"

"நிரோஷா, அக்கா. இஞ்ச பிறந்த பிள்ளை. பாதி இங்கிலிஷ், பாதி தமிழ்."

"கதைக்கிறது எப்பிடி?"

"மூச்சு விட்டுக் கதைக்கிறா."

"அப்ப சரி. குஷனை அவவே வைச்சிருக்கட்டும்." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "வைக்கட்டே வதனி?"

401 நெடுஞ்சாலையில் நெரிசல் என்றேன், மார்க்கஸ் புதுச் சப்பாத்து வாங்கியிருக்கிறார் என்றேன், அறுவது டொலராம், தேவையா என்றேன். "நீ வேணுமெண்டு இழுக்கிறாய்" என்று சிரித்தார். நான் இன்னும் இழுத்தேன். கொஞ்ச நேரத்தில் மறுபக்கம் பதில் இல்லை. பிறகு சிவம் அண்ணையின் குரல் கேட்டது. "அவ நித்திரையாப் போட்டா பிள்ளை" என்று சொல்லி, என்னைக் கேட்டு, அவர்தான் வைத்தார். அக்கா கேட்டதற்கு நான் பதில் சொல்லவே இல்லை.

கிரியை மண்டபத்துக்கு அந்த மல்வேர்ன் அம்மா வந்திருந்தார். மகன்தான் கார் ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். அம்மா பெட்டிக்குப் பக்கத்தில் நின்று என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் அண்டைக்கு வைக்காதை எண்டனான். அவ வைக்கேல்லை" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். மகன் அக்காவின் முகத்தை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

நேற்று வேலைக்குத் திரும்பினேன். மத்தியானம் ஓர் அழைப்பு வந்தது. டோர்செட் பார்க்கில் ஒரு தகப்பன், மகளைப் பற்றி. நிரோஷாவின் குரல் இணைப்பில் கேட்டது: "அங்கிள், ஐ'ம் ஸ்ரில் ஹியர். வதனி அன்ரியின்ர குரல் கேக்குதா? ஓகே. அப்ப நான் வைக்கட்டே?" அந்தத் தகப்பன் ஒரு கணம் யோசித்தார். அந்தக் கணத்தில் இணைப்பில் மூன்று பேருடைய மூச்சும் கேட்டது. அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அதைத்தான். ஒருவர் சரி என்று சொல்லும்வரை அவசரப்படாமல் காத்துநிற்கிற அந்த ஒரு கணம். பிறகு அவர், "ஓம் பிள்ளை, வையுங்கோ" என்றார்.

வானை எடுக்கமுன்னர், மார்க்கஸ் பக்கத்திலிருக்க, நான் வாய்விட்டே சொன்னேன்:

"எடுத்திட்டம் அக்கா. நீங்கள் வையுங்கோ."