மொட்டையனுக்கும் குடுமிக்கும் பொதுக் கிணறு

பென்னாகரம் பஸ் ஸ்டாண்டுக்கு முன்னால் புளியமரக் கிளை முறிந்து ஒகேனக்கல் பஸ்ஸின் மேல் விழுந்ததே, யாருக்கும் அடியில்லாமல் கண்டக்டரின் விசில் மட்டும் காணாமல் போயிற்றே, அந்த வருஷம்தான் எங்கள் டீக்கடைக்குக் கலர் டிவி வந்தது.

போன வாரம் சலூனில் உட்கார்ந்திருந்தபோது இது ஞாபகம் வந்தது. முகமெல்லாம் நுரை. எதிரே டிவியில் இரண்டு தடியர்கள் கட்டிப் புரண்டுகொண்டிருக்க, ஒருத்தர் சுத்தமான தமிழில் சண்டையை விவரித்துக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஆடாதீங்க பெரியவரே, காது போயிரும்" என்றார் சலூன்காரர். கத்தி கழுத்தில் இருக்கும்போது கதை சொல்ல முடியுமா? அதனால் உங்களிடம் சொல்கிறேன். எனக்குக் கையெழுத்துக்கு மேல் எழுத வராது. நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். நடுவில் "இது தேவையா மாமா" என்று கேட்கிறாள். தேவைதான், எழுதம்மா.

அப்போது மண்டியில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தேன். புளி மூட்டை. அந்த வாசனை துவைத்தாலும் சட்டையை விட்டுப் போகாது. பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்களுக்கு எச்சில் ஊறும். என்னோடு மூட்டை தூக்கியவன் மாதையன். பெங்களூரில் ஒரு ஓட்டலில் இரண்டு வருஷம் மாவாட்டிவிட்டு வந்தவன். கன்னடம் நன்றாகப் பேசுவான். பெங்களூரிலிருந்து வந்தவனுக்கு இங்கிலீஷும் தெரிந்திருக்கும் என்று டீக்கடை முடிவு செய்துவிட்டது. அவனும் மறுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மல்யுத்தம் போடுவார்கள். பேச்செல்லாம் இங்கிலீஷ். "என்னா சொல்றான் மாதையா?" என்று கடையே கேட்கும். அவன் டீயை ஒரு உறிஞ்சு உறிஞ்சிவிட்டுச் சொல்வான்: "மொட்டையன் அண்ணன், குடுமி வச்சவன் தம்பி. ரெண்டு பேருக்கும் ஒரே கெணறு. அண்ணங்காரன் தம்பிக்கு மொற தண்ணி உட மாட்டேங்கறான்."

கடை கொதித்துவிடும். மொட்டையன் நாற்காலியால் தம்பி முதுகில் போடும்போதெல்லாம் ரெஃப்ரீ சரியாக வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருப்பான். "இவன் யாருடா குருடன்?" என்பார் டீக்கடைக்காரர். "பஞ்சாயத்துப் பேச வந்த பெரிய மனுசன். அவன் கண்ணு எப்பவும் அந்தப் பக்கம்தான் போவும்" என்பான் மாதையன்.

அது அவனுடைய சொந்தக் கிணறு என்பது அங்கே எனக்கு மட்டும்தான் தெரியும். அண்ணன் முனியப்பன் முறை தண்ணீரை நிறுத்தியதால், இவன் முக்கால் ஏக்கரைக் காயவிட்டு மூட்டை தூக்க வந்தவன். "கோர்ட்டுக்குப் போயேன் மச்சான்" என்றால், "கூடப் பொறந்தவன் மேல எப்பிடிடா போறது?" என்பான். டிவியில் போவான்.

எல்லாம் முன்கூட்டியே பேசி வைத்துச் செய்கிற நாடகம் என்று என் மகன் சொல்வான். எனக்கும் தெரியும். மூட்டை தூக்கினவனுக்கு அது பார்த்த உடனே தெரியும். ஒன்றரை ஆள் கனத்தைத் தலைக்கு மேல் தூக்கி, எலும்பு நோகாமல் கீழே இறக்குவது சும்மா இல்லை. நான் போட்ட மூட்டைகளில் பாதி வாய் பிளந்திருக்கிறது. தூக்குகிறவனை நம்பி உடம்பைக் கொடுக்கிறான் பாருங்கள் ஒருத்தன், அவனுக்காகத்தான் அதைப் பார்க்க வேண்டும். பேசி வைத்துக்கொண்டு அடித்துக்கொள்கிறார்கள். எங்கள் பக்கம் அண்ணன் தம்பிகள் பேசாமல் இருந்தே அடித்துக்கொள்கிறார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கடையில் கூட்டம். பின் பெஞ்சில் வந்து உட்கார்ந்தது யார் என்று திரும்பிப் பார்த்தேன். முனியப்பன். உரம் வாங்க வந்தவர் டீக்கு ஒதுங்கியிருக்கிறார். மாதையன் முதுகைக் கிள்ளினேன். அவன் பார்த்துவிட்டான். குரல் கொஞ்சம் இறங்கியது. ஆனால் நிறுத்தவில்லை. மொட்டையன் அடிக்க அடிக்கக் கடை திட்டித் தீர்த்தது. "சோத்துல மண்ணு போடறவன்" என்றார் ஒருத்தர்.

கொஞ்ச நேரம் கழித்துப் பின்னாலிருந்து முனியப்பன் கேட்டார்: "ஏம்ப்பா, அந்த மொட்டையன் பொண்டாட்டி காதுத் தோட்டக் கழட்டிக் குடுத்துத்தான் கெணத்துக்கு மோட்டார் வந்துச்சு. அதச் சொல்லலியா அதுல?"

கடை மாதையனைப் பார்த்தது. அவன் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இப்பத்தான் சொல்றான்" என்றான்.

அடுத்த வாரமும் முனியப்பன் வந்தார். அன்றைக்கு உரம் வாங்கவில்லை. டிவியில் அநியாயம் பாருங்கள், போன வாரம் ரத்தம் வர அடித்துக்கொண்ட மொட்டையனும் குடுமியும் ஒரே கட்சியாக நின்று வேறு இரண்டு பேரை மொத்துகிறார்கள். இந்தச் சண்டையில் அப்படித்தான், காரணமே சொல்லாமல் சேர்ந்துவிடுவார்கள். கடையே குழம்பிப்போனது. "என்னாடா இது?"

மாதையன் டீ கிளாஸைக் கீழே வைத்தான். "ராசி ஆயிட்டாங்க. கெணத்துல ஒரு வாரம் அண்ணன், ஒரு வாரம் தம்பி."

"ஒரு வாரம் உட்டா பயிரு காஞ்சிரும்" என்றார் பின் பெஞ்சு. "மூணு நாளு, மூணு நாளுன்னு சொல்லு."

"மூணு நாளுன்னுதான் சொல்றான். அப்ப ஞாயித்துக்கெழம?"

"அன்னிக்கி மோட்டாருக்கு லீவு. டிவி பாக்க வரணுமில்ல."

அந்த மாதமே மாதையன் மூட்டையை விட்டுவிட்டுத் தக்காளி போட்டான். சில ஞாயிற்றுக்கிழமை அண்ணனும் தம்பியும் ஒரே சைக்கிளில் வந்தார்கள். அப்புறம் மழை பிடித்து வேலை அதிகமாகி, வருவது நின்றுபோனது. நாங்கள் இங்கிலீஷை வெறுமனே கேட்டுக்கொண்டிருந்தோம்.

இப்போது அந்தக் கடை செல்போன் கடை. கிணறு தூர்ந்துவிட்டது, ஆளுக்கொரு போர் போட்டிருக்கிறார்கள். சண்டையைத் தமிழிலேயே சொல்கிறார்கள், ஒரு வார்த்தை விடாமல் எனக்குப் புரிகிறது. ஆனால் சலூனில் கடைசிவரை கேட்டேன், ஒருத்தரும் கிணற்றைப் பற்றிப் பேசவில்லை. உங்கள் வீட்டில் இதைப் பார்க்கிற பிள்ளைகள் யாராவது இருந்தால், அந்த இரண்டு தடியர்களுக்கும் நடுவில் ஒரு கிணறு இருந்தது என்று சொல்லி வையுங்கள்.