தோள் மடங்கும் ஆண்டவர்

வாவிக்கரை ஊரான தன்னாமுனையில் கஸ்பார் ஓடாவியை யாருக்கும் பிடிக்காது. அவருக்கும் யாரையும் பிடிக்காது. அந்த ஒன்றில் மட்டும் ஊருக்கும் அவருக்கும் ஒற்றுமை இருந்தது.

தச்சுத் தொழில்தான், ஆனாலும் கதவு, யன்னல் என்று கேட்டுப் போனவர்களைப் படலையிலேயே திருப்பி அனுப்புவார். அவர் செய்வது சுரூபம். மாதாவும் அந்தோனியாரும் சம்மனசுகளும் அவர் உளியிலிருந்து இறங்கிப் பல கோயில்களில் போய் நின்றார்கள். நல்லாயிருக்கு என்று யாராவது வாய் திறந்தால், "பாத்தது போதும், போங்க" என்பார். அவ்வளவு கொழுப்பு.

2004 தவக்காலத்துக்கு முன், வாவிக்கு அந்தப் பக்கம் இருந்த கடற்கரைக் கோயிலின் சபைத் தலைவர் டொமினிக் மாஸ்டர் அவரிடம் வந்தார். பெரிய வெள்ளிக்கு ஆள் அளவில் ஆண்டவர் வேண்டும். அன்றைக்கு ஆண்டவரைச் சிலுவையில் அறைந்து, பிறகு இறக்கி, கைகளை மடித்துப் பெட்டியில் கிடத்துவார்கள். சனம் வரிசையில் வந்து பாதத்தை முத்தி செய்யும். அதனால் கைகள் தோளில் மடங்க வேண்டும். கஸ்பார் உடம்பையும் கைகளையும் முதிரை மரத்தில் தனித்தனியே செதுக்கி, தோள்களை மாட்டுத்தோலால் பொருத்தினார். தலைக்கு, பெண்கள் நேர்த்திக்கடனாகக் கொடுத்த மயிர்.

முகத்துக்கும் உடம்புக்கும் பார்த்துச் செய்ய ஒருவன் வேண்டுமே. மகன் மனுவேல் இருந்தான். இருபத்துமூன்று வயது, மெலிந்த உடம்பு, தாடி, தோள் வரை மயிர். அந்த மயிருக்காக நாள்தோறும் திட்டிய மனிதர், இப்போது அதற்காகவே அவனைப் பட்டறைக் கூரை வளையின் கீழ் கைகளை விரித்து நிற்க வைத்தார்.

"அப்பா, தோள் நோகுது."

"ஆண்டவர் மூண்டு மணித்தியாலம் தொங்கினவர். உனக்கு அரை மணித்தியாலம் நிக்க ஒண்ணாதா?"

மூன்றாம் நாள் அவன் கைகள் இறங்கி இறங்கிப் போயின. கஸ்பார் நைலோன் கயிற்றை எடுத்து மகனின் மணிக்கட்டுகளை வளையோடு கட்டிவிட்டு வேலையைத் தொடர்ந்தார். சத்தம் கேட்டு ஓடிவந்த மனைவி றீற்றா கறிக்கத்தியால் கயிற்றை அறுத்தாள். மனுவேல் சட்டையைப் போட்டுக்கொண்டான்.

"இனி உங்கட வாசல் மிதிக்கமாட்டன்."

"போடா."

அவன் தோணி ஏறி, கடற்கரையில் இருந்த மாமி வீட்டுக்குப் போய்விட்டான். ஒன்பது மாதம் தகப்பனும் மகனும் பேசவில்லை. பேசியிருக்கலாம். ஒரு தோணித் தூரம்தான். வீம்பு விடவில்லை.

சுரூபம் மனுவேலையே உரித்து வைத்திருந்தது. றீற்றா அந்தப் பெரிய வெள்ளிக்குக் கோயிலுக்குப் போக மறுத்தாள். "பெத்த பிள்ளையச் சிலுவையில ஏத்திட்டு நிக்கிற மனிசன்" என்றாள்.

நத்தாருக்கு மறுநாள் காலை கடல் வந்தது. மாமி வீட்டில் ஒரு கல் மிஞ்சவில்லை. கோயிலும் போனது, ஆண்டவரும் போனார். மாமியின் உடல் கிடைத்தது, மனுவேல் கிடைக்கவில்லை. கஸ்பார் பத்து நாள் வாவியில் தோணி வலித்து, எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் அடையாளம் சொல்லிக் கேட்டார்.

பதினோராம் நாள், பக்கத்து முஸ்லிம் ஊரான ஏறாவூரிலிருந்து உசனார் வந்தார். வாவியில் வலை வீசுகிறவர். யுத்தம் அந்த இரண்டு ஊருக்கும் நடுவில் நிறையப் பகையைப் போட்டு வைத்திருந்தது. கஸ்பார் அவரை உள்ளே வரச் சொல்லவில்லை. உசனார் படலைக்கு வெளியே நின்றே சொன்னார்.

"மெலிஞ்ச பொடியன். தாடி, தோள் வரைக்கும் மயிர். கண்டல் காட்டுக்குள்ள சேத்தோட கிடந்தவர். பாயில சுத்தித் தூக்கினம், ரெண்டு கையும் தொங்கிச்சு. கடற்கரைப் பெரிய குழியில தெற்குப் பக்கம், கடைசியா வெச்சது அவரத்தான்."

"முகத்தப் பாத்தியா?"

"அந்த நாளையில ஆர் ஓடாவியார் முகம் பாத்தது? பொழுதும் பட்டிட்டு."

நன்றி என்ற ஒரு சொல் கஸ்பாரின் வாயில் வரவில்லை. ஆனால் தெற்குப் பக்கத்தில் ஒரு சிலுவை நட்டார். கொஞ்ச நாளில் அந்த இடத்தைச் சுற்றி இராணுவ முகாமின் முட்கம்பி வந்தது. மாதாமாதம் இருபத்தாறாம் திகதி அடையாள அட்டையைக் கொடுத்து, மெழுகுதிரிப் பெட்டியைத் திறந்து காட்டி, சட்டையைக் கழற்றிக் காட்டி உள்ளே போனார். யாருக்கும் தலை வணங்காத மனிதர் அதற்காக மட்டும் குனிந்தார். மண்ணைத் தடவிக்கொண்டு, உயிரோடு இருந்தபோது மகனிடம் பேசாததையெல்லாம் பேசினார்.

யுத்தம் முடிந்தது. முகாம் பின்னுக்குப் போனது. குழியைச் சுற்றி மதில் கட்ட டொமினிக் மாஸ்டர் ஆள் பிடித்தார். 2010 மாசியில், தெற்குப் பக்கம் அத்திவாரம் வெட்டியவனின் மண்வெட்டியில் ஒரு கை தட்டுப்பட்டது. உள்ளங்கையில் ஆணித் துவாரம்.

"ஆண்டவர் எழும்பிட்டார்!"

மணி அடித்தார்கள், வெடி கொளுத்தினார்கள். முதிரை உக்கியிருக்கவில்லை. தலையில் மயிர்கூட ஒட்டிக்கொண்டிருந்தது. கஸ்பார் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு போய்த் தோள்களைப் பார்த்தார். அவர் தைத்த மாட்டுத்தோல்.

"புதுமையப் பாத்தீங்களா ஓடாவியார்?" என்றார் டொமினிக் மாஸ்டர். "பெயின்ற் மட்டும் அடிச்சுத் தாங்க."

"திருப்பி மண்ணுக்குள்ள தாட்டுப்போடு."

"என்ன கதை கதைக்கிறீங்க?"

"அஞ்சு வருஷமா என்ட மகனெண்டு நான் அழுதது இந்தக் கட்டைக்கு. புதுமையாம். உன்ட புதுமையில இடி விழ! பெரிய வெள்ளிக்கு வெளிய கொண்டுவந்து பார், கொத்தி விறகாக்கிப் போடுவன்."

அந்த ஆத்திரத்தோடு நேரே ஏறாவூருக்குப் போனார். உசனாரைத் தெருவில் வைத்து வாய்க்கு வந்தபடி ஏசினார். உசனார் கடைசிவரை கேட்டுக்கொண்டு நின்றார்.

"நான் பொய் சொல்லல்ல. எனக்கு மனிச மையத்தாத்தான் தெரிஞ்சிச்சு. மரமெண்டு தெரியாமச் செஞ்சது நீங்கதானே?"

கஸ்பார் திரும்பி நடந்தார். வீட்டுக்கு வந்தால் றீற்றா முற்றத்தில் நின்றாள். செய்தி அவளுக்கு முன்பே எட்டியிருந்தது.

"அப்ப என்ட பிள்ளை எங்க?"

மகனுக்கென்று இருந்த ஆறடி மண்ணும் போய்விட்டது. அதைப் பறித்தது அவர் கையே. இதைவிடக் கொடிய தண்டனையை அவருடைய எதிரிகள்கூட அவருக்கு நினைத்திருக்க மாட்டார்கள்.

சபையார் நீர்கொழும்பிலிருந்து ஆள் பிடித்துச் சுரூபத்துக்குப் பெயின்ற் அடித்தார்கள். பெரிய வெள்ளியன்று, புதிதாகக் கட்டிய கோயிலின் வாசலில் நாலு இளந்தாரிகள் காவல் நின்றார்கள். கஸ்பார் வந்தார். மடியைத் தடவிப் பார்த்தார்கள், உளி இல்லை. உள்ளே விட்டார்கள்.

மூன்று மணிக்கு ஆணிகளைக் கழற்றி ஆண்டவரை இறக்கினார்கள். இடது கை மடங்கியது. மண்ணுக்குள் கிடந்து தோல் இறுகியதால் வலது கை மடங்கவில்லை. விரித்தபடியே நின்றது. இருவர் சேர்ந்து அமுக்கினார்கள். தோள் கிறீச்சிட்டது.

கஸ்பார் சனத்தை இடித்துக்கொண்டு முன்னால் பாய்ந்தார். டொமினிக் மாஸ்டர் குறுக்கே வந்து அவர் நெஞ்சில் கை வைத்துத் தடுத்தார். கஸ்பார் அவரைப் பார்க்கவே இல்லை. அமுக்கிக்கொண்டிருந்த இருவரையும் பார்த்துக் கத்தினார்.

"விடுங்கடா! அமுக்காதீங்க! அவனுக்குத் தோள் நோகும்!"