கொதிக்கும் வெளிக்கு இரண்டு டிக்கெட்

டிக்கெட் விற்கிறவனைக் கேட்டால் உலகத்து விமானங்கள் எல்லாம் கிளம்புகிற நேரத்தைச் சொல்லுவான். தான் எப்போது கிளம்புவான் என்பது மட்டும் அவனுக்குத் தெரியாது. கவுன்டருக்குப் பின்னால் குந்தியிருந்து, அடுத்தவர் விடுமுறைக்கு நாள் குறித்துக் கொடுத்துப் பிழைத்தவர்களுக்கு நான் சொல்லப்போவது உடனே விளங்கும். மற்றவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

லண்டனில் லூயிஷாம் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், ஒரு சப்பாத்துக் கடையின் மேல்மாடியில் இருந்த விமான டிக்கெட் கடையில், எண்பத்தேழிலிருந்து பத்து வருஷம் வேலை செய்தேன். ரயில் போகும்போதெல்லாம் ஜன்னல் கண்ணாடி அதிரும். முதலாளி ஹெலன், ஐம்பதைத் தாண்டிய ஆங்கிலேயப் பெண்மணி. இளவயதில் தென்னமெரிக்காவில் பள்ளிக்கூட ரீச்சராக இருந்தவர். அந்தக் கண்டத்தைத் தவிர வேறு எந்தத் திசைக்கும் டிக்கெட் விற்கமாட்டார். கொழும்புக்கு டிக்கெட் கேட்டு வருகிற எங்கள் இலங்கைத் தமிழ் ஆட்களை நான் படியிலேயே மறித்து, சந்தைத் தெருவில் இருந்த இன்னொரு கடைக்குத் திருப்பி அனுப்புவேன்.

எங்களிடம் அதிகம் விலைப்பட்டது சிலி நாட்டுப் பயணம். அந்த நாட்டின் வடக்கே, அந்தீஸ் மலையில், பதினாலாயிரம் அடி உயரத்தில் ஒரு வெந்நீரூற்று வெளி இருக்கிறது. தரையில் உள்ள துவாரங்கள் வழியாகக் கொதிநீர் பீறிடும். விடிகிற நேரத்துக் கடுங்குளிரில் ஆவி தூண் தூணாக எழும்பும். வெயில் ஏறிக் காற்றுச் சூடானதும் ஆவி மெலிந்து, கண்ணுக்குத் தெரியாமலே போய்விடும். சூரியன் வருமுன் போய் நிற்கவேண்டும். பிந்தினால் பார்க்க ஒன்றும் இருக்காது. இதை நான் ஒரு நாளைக்கு நாலு தரமாவது சொல்லியிருப்பேன். சொல்லும்போதெல்லாம் நானும் அங்கே நிற்பதுபோல இருக்கும்.

அந்த நாட்களில் என் மனைவி வசந்தி யாழ்ப்பாணத்தில் இருந்தாள். கலியாணம் முடித்து நாலாம் மாதம் நான் லண்டனுக்கு ஓடிவந்தவன். என்னிடம் இருந்தது தற்காலிக அனுமதி. அதை வைத்துக்கொண்டு மனைவியைக் கூப்பிட ஏலாது.

சூரியன் எந்தப் பக்கம்?

வருகிற எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: “நீ போயிருக்கிறாயா?” இல்லை என்று சொன்னால் வியாபாரம் படுத்துவிடும் என்ற பயத்தில், முதல் ஆறு மாதமும் “ஓம், போயிருக்கிறேன்” என்று கூசாமல் சொன்னேன். ஹெலனின் படங்களைப் பார்த்துப் பார்த்து, எனக்கே அது பொய் என்று மறந்துபோன நேரமும் உண்டு.

ஒரு நாள் ஓய்வுபெற்ற பூகோள ரீச்சர் ஒருவர் வந்தார். நான் ஆவியை வர்ணித்தேன், குளிரை வர்ணித்தேன், கொதிநீரில் வழிகாட்டி முட்டை அவித்துக் கொடுத்ததைக்கூட வர்ணித்தேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்த அம்மையார், வாகனம் நிற்கிற இடத்திலிருந்து பார்த்தால் சூரியன் எந்தப் பக்கத்தால் வரும் என்று கேட்டார். “கிழக்குப் பக்கத்தால்” என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி என்னை வடிவாகப் பார்த்தார். டிக்கெட்டை வாங்கினார் என்பது வேறு விஷயம். எழும்பும்போது சொன்னார்:

“இவ்வளவு நேரமும் நீ சொன்னதில் இந்த ஒன்றுதான் உண்மை என்று நினைக்கிறேன்.”

படுக்கையை விட்டு எழும்பாதவர்கள்

விடிய நாலு மணிக்கு வாகனம் கிளம்பும் என்று டிக்கெட் உறையின்மேல் சிவப்பு மையால் எழுதிக் கொடுப்பேன். அப்படியிருந்தும் ஒரு தம்பதி திரும்பிவந்து, தாங்கள் கண்டது வெறும் சேறும் கல்லும்தான் என்று முறையிட்டார்கள். விசாரித்ததில், குளிராக இருக்கிறதென்று ஹோட்டலில் நன்றாகத் தூங்கி, பத்து மணிக்கு வேறு வாகனம் பிடித்துப் போயிருக்கிறார்கள். நான் மிகப் பணிவாக, ஆவி சூரியனோடு போய்விடும் என்பதை மறுபடி விளங்கப்படுத்தினேன். கணவர் சொன்னார்:

“அப்படியென்றால் இவ்வளவு தூரம் வருகிறவர்களுக்காக அதைக் கொஞ்சம் பிந்தி உதிக்க வைத்திருக்கலாம்.”

தோர்ண்டன் ஹீத் டொக்டர்

தோர்ண்டன் ஹீத்திலிருந்து ஒரு டொக்டர் வந்தார். தமிழ்நாட்டுக்காரர். என் முகத்தைக் கண்டதும் ஆங்கிலத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு, “தமிழா? உக்காருங்க, உக்காருங்க” என்று என் கதிரையில் என்னையே இருக்கச் சொன்னார். சின்ன வயதில் பாடப்புத்தகத்தில் பார்த்த வெந்நீரூற்றை வாழ்க்கையில் ஒருமுறையாவது நேரில் பார்த்துவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை. இருபது வருஷமாக இரவு டியூட்டி, பரீட்சை, பிள்ளைகளின் படிப்பு என்று தள்ளிப்போட்டிருக்கிறார். பேசும்போது அவருடைய விரல் எங்கள் விளம்பரப் புத்தகத்து ஆவிப் படத்தின்மேலேயே இருந்தது.

கூட வந்த மனைவி படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மலை உயரத்தில் தலை சுற்றாமலிருக்க மெல்ல நடக்கவேண்டும், முதல்நாள் இறைச்சி கூடாது, சிலருக்கு மூச்சு முட்டும் என்று நான் சொல்லச் சொல்ல அவர் முகம் மாறிக்கொண்டே வந்தது. “இதுக்குப் பேரு என்ன?” என்று கேட்டார். “கீசர்” என்றேன். அவ்வளவுதான். கைப்பையை எடுத்துக்கொண்டு எழும்பிவிட்டார்.

“குளிக்கிற ரூம்லயே ஒண்ணு இருக்குங்க, அதுல வர்ற ஆவியே போதும், வாங்க.”

எர்னெஸ்டோ கேட்ட விளக்கம்

மாதத்தில் ஒரு திங்கட்கிழமை தவறாமல் எர்னெஸ்டோ வருவார். சிலி நாட்டவர், அங்கே ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது தப்பிவந்தவர். ஒரு ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை. அந்த மலையின் அடிவாரத்தில் இருக்கிற செப்புச் சுரங்க நகரம்தான் அவருடைய சொந்த ஊர். நாடு திரும்பக்கூடாதவர்கள் என்று ஒரு பட்டியல் இருந்தது. அதில் அவர் பெயரும் இருந்தது. ஆனாலும் வந்து, தலைநகர் சந்தியாகோவுக்கு எந்தெந்த நாளில் விமானம் என்று கேட்டு, நான் சொல்வதை ஒரு கொப்பியில் குறித்துக்கொண்டு போவார். நானும் ஒருநாளும் ஏன் என்று கேட்கவில்லை. கொழும்பு விமானம் போகிற நாட்களை நானும் மனப்பாடமாக வைத்திருந்தேனே.

எண்பத்தெட்டின் கடைசியில் தடை நீங்கியது. எர்னெஸ்டோ கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு வந்து டிக்கெட் எடுத்தார். ஹெலன் அவரைக் கட்டிப்பிடித்து அழுதார். நான் டிக்கெட்டில் அவர் பெயரை எழுத்து எழுத்தாகச் சரிபார்த்து எழுதினேன்.

ஆறு கிழமை கழித்துத் திரும்பிவந்தார். தகப்பன் இறந்துபோயிருந்தார். வீட்டில் வேறு ஆட்கள். சின்ன வயதில் தகப்பனோடு போன அந்த மலைக்கு, சுற்றுலாக்காரரோடு வாகனத்தில் ஏறித் தனியே போயிருக்கிறார். லண்டன் ஜாக்கெட்டைப் பார்த்த இளம் வழிகாட்டி, அவரை வெளிநாட்டவர் என்று நினைத்து, எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் விளக்கியிருக்கிறான். “நான் இந்த ஊர்க்காரன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?” என்று கேட்டேன். எர்னெஸ்டோ ஜன்னலுக்கு வெளியே ரயிலைப் பார்த்தபடி சொன்னார்:

“அவன் மிகவும் பிரயாசைப்பட்டு ஆங்கிலம் பேசினான், என் ஊரைப் பற்றி என்னிடம் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேச எனக்கு மனம் வரவில்லை.”

விறகு

வசந்திக்கு எழுத என்னிடம் வேறு என்ன இருந்தது? குளிர், மழை, அனுமதி இன்னும் வரவில்லை — இவற்றைத் திருப்பித் திருப்பி எழுதி அலுத்துவிட்டது. ஒருமுறை எங்கள் விளம்பரப் புத்தகத்திலிருந்து வெந்நீரூற்றுப் படம் இருந்த பக்கத்தைக் கிழித்துக் கடிதத்தோடு வைத்து அனுப்பினேன். தொண்ணூறில் சண்டை மறுபடி மூண்ட பிறகு யாழ்ப்பாணத்துக்குக் கடிதம் போவதும் வருவதும் பெரும்பாடு. அங்கே கரண்ட் இல்லை, மண்ணெண்ணெய் இல்லை. மூன்று மாதம் பதில் இல்லை. பேப்பரில் ஒவ்வொரு நாளும் ஒரு குண்டுவீச்சுச் செய்தி. இறந்தவர்களின் பெயரைப் போட்டிருந்தால் விரலை வைத்து ஒவ்வொன்றாக வாசிப்பேன். பெயர் போடாவிட்டால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது.

கடைசியில் கடிதம் வந்தது. கொப்பித் தாளில், இரண்டு பக்கமும் நெருக்கி எழுதியிருந்தாள். தேத்தண்ணி வேளையில் ஹெலனுக்கு அதை மொழிபெயர்த்துச் சொன்னேன். ஒரு இடத்தை மட்டும் இரண்டு தரம் வாசித்தேன். அவள் எழுதியது இதுதான்:

“இஞ்ச ஒரு கேத்தில் தண்ணி கொதிக்க வைக்க விறகு தேடி அலையிறம், அங்க வெளி முழுக்கத் தண்ணி சும்மா கொதிச்சுக்கொண்டு நிக்குதோ? நான் வராமல் நீங்கள் தனியப் போய்ப் பாக்கக்கூடாது, சொல்லிப்போட்டன்.”

பென்சிலால் எழுதிய இலக்கம்

தொண்ணூற்றிரண்டில் ஹெலன் என்னை அங்கே அனுப்பத் தீர்மானித்தார். விற்கிறவன் பார்க்காமல் விற்பது சரியில்லை, செலவு கடையுடையது என்றார். ஒக்டோபரில் போகிறவர்களின் பட்டியலில் என் பெயரையும் எழுதிவிட்டார். ஒரு நாள் முழுக்க மனம் பறந்தது. சந்தைக்குப் போய்க் கம்பளித் தொப்பிகூட விலை கேட்டேன். அடுத்த நாள் காலை வந்து, என் பயணப் பத்திரத்துக்கு விசா கிடைப்பது கடினம் என்றேன். அதைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். ஒக்டோபரில் வேலை கூட என்றேன். ஒக்டோபரில் ஒரு நாயும் வராது என்றார்.

பிறகு உண்மையைச் சொன்னேன். வசந்தி அப்படிச் சொல்லிவிட்டாள், அவள் இன்னும் அங்கேதான் இருக்கிறாள், நான் போகமாட்டேன். ஹெலன் என்னைத் திட்டவில்லை. பட்டியலை எடுத்து, என் பெயருக்கு எதிரே இருந்த 1 என்ற இலக்கத்தை அழித்து, பென்சிலால் வேறு இலக்கம் எழுதினார்.

“சரி, இரண்டு இருக்கை. எந்த ஆண்டு என்று மட்டும் நீ பிறகு சொல்லு.”

ஆவிக்குள்

எனக்கு மனைவியைக் கூப்பிடும் அனுமதி கிடைத்து, தொண்ணூற்றுநாலில் வசந்தி வந்து சேர்ந்தாள். யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற இருந்த ஒரே வழியான கிளாலிக் கடலை வள்ளத்தில் தாண்டி, கொழும்பில் ஒரு வருஷம் லொட்ஜில் கிடந்து, ஒருவழியாக விசா எடுத்து வந்தாள். விமான நிலையத்தில் நாங்கள் இருவரும் அந்நியர் மாதிரி “சுகமோ?” என்று கேட்டுக்கொண்டோம். எட்டு வருஷம் கடிதத்தில் பேசியவர்களுக்கு வாயால் பேசிப் பழகக் கொஞ்ச நாள் பிடித்தது. அவளும் வேலைக்குப் போனாள். லீவு பொருந்தி வர மூன்று வருஷம் எடுத்தது. தொண்ணூற்றேழில் இருவரும் மலை ஏறினோம்.

வாகனம் குலுங்கக் குலுங்க, ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று சட்டை போட்டுக்கொண்டு, வசந்தி என் தோளில் சாய்ந்து வந்தாள். இறங்கியபோது வானம் சாம்பல் நிறம். மூச்சு எடுக்கவே தெம்பு வேண்டியிருந்தது. வெளி முழுவதும் வெள்ளைத் தூண்கள் எழும்பி நின்றன. நான் பத்து வருஷம் விற்றதில் பொய் ஒன்றுமில்லை, குறைத்துத்தான் சொல்லியிருக்கிறேன். வழிகாட்டி, கற்கள் அடுக்கிய கோட்டைத் தாண்டவேண்டாம், தாண்டினால் நிலம் பப்படம் மாதிரி, கீழே கொதிநீர் என்று எச்சரித்தான்.

பையிலிருந்து கமராவை எடுக்க வசந்தியின் கையை விட்டேன். அந்த நேரம் பார்த்துக் காற்றுத் திரும்பியது. ஆவி எங்களை மூடிக்கொண்டது. என் கையே எனக்குத் தெரியவில்லை. “வசந்தி” என்றேன். பதில் இல்லை. ஊற்றுகள் கொதிக்கிற இரைச்சல் மட்டும். கோடு எந்தப் பக்கம், துவாரம் எந்தப் பக்கம் என்று ஒன்றும் தெரியாது. ஒரு அடி வைக்கப் பயம், நிற்கவும் பயம். பேப்பரில் விரல் வைத்துப் பெயர் தேடிய அந்தக் காலைகள் எல்லாம் ஒன்றாகத் திரண்டு வந்து நெஞ்சில் ஏறின. “வசந்தி! வசந்தி!” என்று அந்தக் காற்று மெலிந்த மலையில் தொண்டை கிழியக் கத்தினேன். அப்படியே நிலத்தில் குந்திவிட்டேன்.

மலைக்கு மேலால் சூரியன் எட்டிப்பார்த்தது. ஆவி முழுவதும் பொன் நிறமாகி, மெல்ல விலகியது. நாலடி தள்ளி, இரண்டு கையையும் என் பழைய கோட்டுப் பைக்குள் விட்டபடி, அண்ணாந்து பார்த்துக்கொண்டு வசந்தி நின்றாள். கன்னத்தில் ஈரம். ஆவியா, வேறென்னவா என்று நான் கேட்கவில்லை. திரும்பி என்னைக் கண்டவள், கிட்ட வந்து கையைப் பிடித்துத் தூக்கிவிட்டாள்.

“எட்டு வருஷம் என்னைக் காணாமல் இருந்தனீங்கள், ரெண்டு நிமிஷத்துக்கு ஏனப்பா இப்பிடிக் கத்திறியள்?”

இந்தத் தொழிலில் நான் கண்டது இவ்வளவுதான்: டிக்கெட்டில் போகிற நாளுக்கு ஒரு கட்டம் உண்டு, வருகிற நாளுக்கு ஒரு கட்டம் உண்டு, வழி பார்த்துக் காத்துக்கொண்டிருந்த நாட்களை எழுத மட்டும் இன்னும் எந்தக் கம்பனியும் இடம் விட்டு அச்சடிக்கவில்லை.